சாவியைப் பொதுவில் வைத்தவர்

நுழையும்முன்

பள்ளியில் நடைபெறும் இரத்தவகைச் சோதனை முகாமை நாம் கண்டிருப்போம். விரல்நுனியில் எடுத்த குருதியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, ஒரு துளியோடு நீலநிற நீர்மத்தையும் மற்றொரு துளியோடு மஞ்சள்நிற நீர்மத்தையும் கலப்பர். சிறிது நேரத்தில் குருதி எந்தத் துளியில் திரள்கிறது என்பதைக் கொண்டு நம் இரத்தவகையைக் கூறிவிடுவர். நீலத்துளி ‘ஏ’ வகையை மட்டும் அறியும். மஞ்சள்துளி ‘பி’ வகையை மட்டும் அறியும். ஒன்றைப் பிறிதொன்றாக மயங்காத அந்த அறிவு அத்துளிகளுக்கு எங்கிருந்து வந்தது? அவ்வறிவை உலகிற்கு வழங்கியவர்களுள் ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

துறைமுக நகரத்துச் சிறுவன்

தென் அமெரிக்காவில், அட்லாண்டிக் கடலையொட்டி அமைந்த அர்ஜென்டினா நாட்டின் துறைமுக நகரங்களுள் ஒன்று பாஹியா பிளாங்கா. அந்நகரில் 1927ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் செசார் மில்ஸ்டீன் பிறந்தார். தந்தை லாசரோ, இளமையிலேயே கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர். தாய் மாக்சிமா, ஏழைக் குடியேறிகளின் மகளாகப் பிறந்து ஆசிரியப் பணிக்கு உயர்ந்தவர். ஆண்மக்கள் மூவருள் மில்ஸ்டீன் நடுப்பிள்ளை. செல்வம் நிறைந்த வீடன்று. ஆயினும், பிள்ளைகள் மூவரும் பல்கலைக்கழகக் கல்வி பெற்றே தீரவேண்டும் என்பதில் பெற்றோர் உறுதியாக நின்றனர். அதற்காக எந்த இழப்பையும் ஏற்க அவர்கள் அணியமாக இருந்தனர்.

மில்ஸ்டீனின் சிறுவயதில் உறவினர் ஒருவர் அவ்வீட்டிற்கு வந்திருந்தார். உயிர்வேதியியல் பயின்ற அவர், பாம்பின் நஞ்சை எடுத்து அதற்கு மாற்றுமருந்து செய்யும் முறையைச் சிறுவனுக்கு விளக்கினார். சிறிதளவு நஞ்சைக் குதிரையின் உடலில் செலுத்தினால், அக்குதிரையின் குருதியில் நஞ்சை முறிக்கும் பொருள் உருவாகும். அதைப் பிரித்தெடுத்துப் பாம்பு கடித்தவருக்குச் செலுத்தினால் அவர் உயிர் பிழைப்பார். கொல்லும் பொருளே காக்கும் பொருளுக்குக் காரணமாகும் இவ்விந்தை சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. நுண்ணுயிர்களைத் தேடிக் கண்ட அறிஞர்களைப் பற்றிய நூல் ஒன்றும் அவ்வயதில் அவர் கையில் கிடைத்தது. அறிவியலே தம் வாழ்வு என்னும் விதை அன்றே ஊன்றப்பட்டது.

போராட்டமும் படிப்பும்

தலைநகரான புவனோஸ் அய்ரஸ் பல்கலைக்கழகத்தில் மில்ஸ்டீன் வேதியியல் பயின்றார். வகுப்பில் முதல் மாணவராகத் திகழ்ந்தவர் அல்லர். மதிப்பெண்ணைவிட மாணவர் சங்கப் பணிகளே அவருடைய நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டன. பல்கலைக்கழகத்தின் உரிமையில் அரசு தலையிடுவதை எதிர்த்த மாணவர்களோடு அவர் தோளோடு தோள் நின்றார். அப்பணிகளின் நடுவேதான் செலியா என்னும் மாணவியைச் சந்தித்தார். 1953ஆம் ஆண்டு இருவரும் மணம்புரிந்துகொண்டனர். மணமக்கள் ஓராண்டுக் காலம் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில், வழியில் வரும் வண்டிகளில் இடம் கேட்டு ஏறியே பயணம் செய்தனர். பொருள்வளம் குறைவாயினும் உலகைக் காணும் வேட்கை அவர்களுக்குக் குறையவில்லை.

தாயகம் திரும்பியதும் பேராசிரியர் ஸ்டோப்பானியின் வழிகாட்டுதலில் மில்ஸ்டீன் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார். ஆய்வுக்கென உதவித்தொகை ஏதும் கிடைக்கவில்லை. கணவனும் மனைவியும் மருத்துவச் சோதனைக்கூடங்களில் பகுதிநேர வேலை பார்த்து, அன்றாடச் செலவுக்கு மட்டும் போதுமான வருவாய் ஈட்டினர். எஞ்சிய நேரமே ஆய்வுக்கு உரியதாயிற்று. 1957ஆம் ஆண்டு, நொதி ஒன்றைப் பற்றிய அவருடைய ஆய்வு நிறைவடைந்தது. அடுத்து, பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆய்வுதவியைப் பெற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கே மற்றுமொரு முனைவர் பட்டமும் பெற்றார். புரதங்களின் அமைப்பை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றிருந்த ஃபிரெட் சாங்கரின் நட்பும் அங்கேதான் அவருக்கு வாய்த்தது.

தாய்நாடு திரும்பலும் பிரிதலும்

கேம்பிரிட்ஜின் வசதிகள் அவரைப் பிணிக்கவில்லை. 1961ஆம் ஆண்டு அர்ஜென்டினா திரும்பி, தலைநகரிலிருந்த தேசிய நுண்ணுயிரியல் நிறுவனத்தில் புதிதாகத் தொடங்கப்பட்ட மூலக்கூறு உயிரியல் பிரிவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கற்ற கல்வி பிறந்த மண்ணுக்குப் பயன்படவேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவ்விருப்பம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1962ஆம் ஆண்டு அர்ஜென்டினாவில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. மாற்றுக் கருத்துடைய அறிஞர்கள் குறிவைக்கப்பட்டனர். நிறுவனத்தின் இயக்குநர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். மில்ஸ்டீனின் பிரிவில் பணியாற்றியவர்களும் வேலை இழந்தனர். தம் இருக்கைக்கு ஊறு நேராதவரை அமைதி காத்துப் பதவியில் தொடர்வது சிலருக்கு எளிய வழியாகத் தோன்றலாம். மில்ஸ்டீன் அவ்வாறு எண்ணவில்லை. உடன் உழைத்தோர் வெளியேற்றப்பட்ட ஆய்வகத்தில் தமக்கு மட்டும் இடம் இருப்பதை அவர் ஏற்கவில்லை. பதவியைத் துறந்தார்.

1963ஆம் ஆண்டு மில்ஸ்டீனும் செலியாவும் மீண்டும் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தனர். அங்குப் புதிதாக உருவாகியிருந்த மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் சாங்கர் அவரை வரவேற்றார். நொதிகளை விடுத்து, எதிர்ப்பொருள்களின்பால் கவனத்தைத் திருப்புமாறு சாங்கர் கூறிய அறிவுரையே மில்ஸ்டீனின் வாழ்வைத் திசைதிருப்பியது. பாம்பு நஞ்சின் கதை கேட்ட சிறுவன், குருதியில் பிறக்கும் காக்கும் பொருளிடமே மீண்டும் வந்து சேர்ந்தான்.

கலவையுள் கரைந்த ஒன்று

நோய்க்கிருமியோ அயற்பொருளோ உடலுள் புகுந்தால், அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை நம் குருதியிலுள்ள ‘பி’ செல்கள் உருவாக்குகின்றன. அப்புரதங்களே எதிர்ப்பொருள்கள். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி பொருந்துவதுபோல, ஓர் எதிர்ப்பொருள் தனக்குரிய பொருளின் குறிப்பிட்ட பகுதியோடு மட்டுமே பொருந்தும். ஒவ்வொரு ‘பி’ செல்லும் ஒரேவகைச் சாவியை மட்டுமே செய்யும்.

அவ்வாறாயின், வேண்டிய எதிர்ப்பொருளை உடலிலிருந்து எடுத்துப் பயன்படுத்துவதில் என்ன தடை? ஒரு கிருமியின் உடலில் பூட்டுகள் பல. அவற்றிற்கு ஏற்ப எண்ணற்ற செல்கள் எண்ணற்ற சாவிகளைச் செய்து குருதியில் கொட்டுகின்றன. முயலுக்கோ குதிரைக்கோ ஒரு பொருளைச் செலுத்தி எடுக்கும் சீரம் இத்தகைய கலவையே ஆகும். ஒரு விலங்கின் சீரம் மற்றொரு விலங்கின் சீரத்தைப்போல் இராது. அவ்விலங்கு இறந்துவிட்டால், அதே சீரத்தை மீண்டும் பெறவே இயலாது. ஓர் ஆய்வகத்தின் முடிவை மற்றோர் ஆய்வகம் சரிபார்க்க முனைந்தால் முடிவுகள் முரண்பட்டன. பிழை ஆய்விலா, சீரத்திலா என்று அறியவும் வழியில்லை.

ஒரே ஒரு செல்லைப் பிரித்தெடுத்து வளர்த்தால் தூய எதிர்ப்பொருள் கிடைக்கும் அன்றோ? ஆனால், உடலுக்கு வெளியே ‘பி’ செல்கள் சில நாள்களில் மடிந்துவிடும். மறுபுறம், மையலோமா என்னும் புற்றுநோய்ச் செல்கள் ஆய்வகத்தில் ஓயாது பெருகும், எதிர்ப்பொருளையும் சுரக்கும். எனினும், அந்த எதிர்ப்பொருள் எந்தப் பூட்டுக்கு உரியது என்பது யாருக்கும் தெரியாது. ஒன்றிடம் அறிவு உண்டு, ஆயுள் இல்லை. மற்றொன்றிடம் ஆயுள் உண்டு, வேண்டிய அறிவு இல்லை. இதுவே அக்காலத்து ஆய்வாளர்கள் முன்நின்ற முட்டுக்கட்டை.

இரண்டு ஒன்றாயின

மில்ஸ்டீன் கருவி செய்யப் புறப்பட்டவர் அல்லர். நம் உடல் எண்ணிலடங்காத வகை எதிர்ப்பொருள்களை எவ்வாறு உருவாக்குகிறது என்னும் அடிப்படை வினாவே அவரை ஆட்கொண்டிருந்தது. அதற்காகச் சுண்டெலியின் மையலோமா செல்களை அவர் வளர்த்துவந்தார். அச்செல்களின் மூலவித்து, அமெரிக்க ஆய்வாளரான மைக்கேல் பாட்டர் உருவாக்கிய எலிக்கட்டிகளிலிருந்து வந்தது. பாட்டர் தம்மிடமிருந்த செல்வகைகளைக் கேட்ட ஆய்வாளர்க்கெல்லாம் தயங்காமல் கொடுத்துவந்தவர். கொடையாகக் கிடைத்த வித்திலிருந்தே மில்ஸ்டீனின் விளைச்சல் தொடங்கியது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

1974ஆம் ஆண்டு ஜார்ஜ் கோலர் என்னும் ஜெர்மானிய இளைஞர் மில்ஸ்டீனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஏதேனும் ஒரு குறிப்பிட்ட பொருளை அறியும் எதிர்ப்பொருளை இடைவிடாது சுரக்கும் செல் இருந்தால், தங்கள் வினாவிற்கு விடைகாண உதவுமே என இருவரும் எண்ணினர். அத்தகைய செல் இயற்கையில் கிடைக்கவில்லை. ஆகவே, அதை உருவாக்கத் துணிந்தனர்.

செம்மறியாட்டின் இரத்தச் சிவப்பணுக்களை ஒரு சுண்டெலியின் உடலில் செலுத்தினர். அவற்றிற்கு எதிரான எதிர்ப்பொருளைச் செய்யும் செல்கள் எலியின் மண்ணீரலில் பெருகின. அம்மண்ணீரல் செல்களை மையலோமா செல்களோடு கலந்து, செயலிழக்கச் செய்த வைரஸ் ஒன்றின் துணையால் இரண்டையும் இணைத்தனர். எல்லாச் செல்களும் இணைவதில்லை. எனவே, இணைந்தவற்றை மட்டும் பிரிக்க ஒரு வளர்ப்புக் கலவையைப் பயன்படுத்தினர். தேவையான நொதி ஒன்று இல்லாத மையலோமா செல்கள் அக்கலவையில் மடிந்தன. மண்ணீரல் செல்கள் தம் ஆயுள் முடிந்து தாமே மடிந்தன. தாயின் பண்பையும் தந்தையின் பண்பையும் ஒருங்கே பெற்ற பிள்ளைபோல், இருவகைச் செல்களின் இயல்பையும் பெற்ற கலப்புச் செல்கள் மட்டுமே பிழைத்தன. இவை பின்னாளில் ஹைபிரிடோமா எனப் பெயர் பெற்றன.

பிழைத்த செல்கள் விரும்பிய எதிர்ப்பொருளைச் சுரக்கின்றனவா என்பதே அடுத்த வினா. ஆட்டின் சிவப்பணுக்கள் பரப்பிய தட்டில் அச்செல்களை வைத்தனர். எதிர்ப்பொருள் சுரந்தால், செல்லைச் சுற்றியுள்ள சிவப்பணுக்கள் சிதைந்து நிலவைச் சூழ்ந்த ஒளிவட்டம்போல் வளையம் தோன்றும். ஆய்வகத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத அறையில் அத்தட்டுகள் வைக்கப்பட்டிருந்தன. தோல்வியே காத்திருக்கிறது என்று அஞ்சிய கோலர், தனிமையைப் போக்கத் தம் மனைவியையும் உடன் அழைத்துச் சென்றார். தட்டுகளை எடுத்து நோக்கியபோது, வளையங்கள் ஒன்றன்று இரண்டன்று, பலவாகத் தென்பட்டன. மகிழ்ச்சி தாளாமல் அவர் கூவினார்.

ஒரு கலப்புச் செல்லைத் தனியே பிரித்து வளர்த்தால், அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் ஒரே எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும். ஒரே மூலத்திலிருந்து வருவதால் இதனை மோனோகுளோனல் எதிர்ப்பொருள் என்பர். 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று. கட்டுரையின் அளவு மூன்று பக்கங்களே. மருத்துவத்திற்கும் தொழிலுக்கும் இது பயன்படக்கூடும் என்னும் கருத்தை அதன் இறுதியில் ஆசிரியர்கள் அடக்கமாகக் குறிப்பிட்டிருந்தனர்.

புகழ் உடனே வந்துவிடவில்லை. கட்டுரை வெளியான பின்னர், சில காலம் கேம்பிரிட்ஜிலேயே அச்சோதனை மீண்டும் மீண்டும் தோற்றது. செய்தவர்களாலேயே மறுபடி செய்ய இயலாத சோதனையை உலகம் எங்ஙனம் நம்பும்? பொறுமையாக ஒவ்வொரு படியையும் சோதித்தபின் காரணம் தெரிந்தது. வளர்ப்புக் கலவைக்கென முன்னரே ஆயத்தப்படுத்தி வைத்திருந்த கரைசல் ஒன்று கெட்டு, செல்களைக் கொன்றுவந்தது. அதை மாற்றியதும் சோதனை மீண்டும் வென்றது.

பூட்டப்படாத கதவு

கட்டுரை அச்சேறுமுன்பே, கண்டுபிடிப்பைப் பற்றித் தம் ஆய்வகத்தை நடத்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்திற்கு மில்ஸ்டீன் தெரிவித்திருந்தார். காப்புரிமை பெறவேண்டுமெனின் முயற்சி அப்போதே தொடங்கப்பட்டிருக்க வேண்டும். செய்தி, காப்புரிமை பெற்றுத்தரும் பொறுப்புடைய அரசு அமைப்பிற்குச் சென்றது. நாள்கள் உருண்டன. கட்டுரை வெளியாகி ஓராண்டுக்கு மேல் கழிந்தபின், உடனடிப் பயன் எதுவும் புலப்படவில்லை என்னும் கருத்தோடு அவ்வமைப்பின் மறுமொழி வந்தது. ஒருமுறை வெளியிடப்பட்டுவிட்ட கண்டுபிடிப்பிற்கு இங்கிலாந்தின் சட்டப்படி காப்புரிமை பெற இயலாது. கதவைப் பூட்டும் வாய்ப்பு இவ்வாறு கைநழுவியது.

ஆகவே, மில்ஸ்டீன் காப்புரிமையை உதறித் தள்ளினார் என்று கூறுவது சரியன்று. தெரிவிக்க வேண்டியதைத் தெரிவித்தார். உரியோர் வாய்ப்பைத் தவறவிட்டனர். அவருடைய மேன்மை அதன்பின் அவர் செய்த செயலில் விளங்குகிறது. காப்புரிமை இல்லாவிடினும் செல்கள் அவர் கையில் இருந்தன. கொடுக்க மறுத்திருந்தால், அல்லது விலை வைத்திருந்தால், நெடுங்காலம் அத்துறையைத் தம் பிடியில் வைத்திருக்கலாம். அவரோ கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் செல்களை அனுப்பினார். செய்முறை கற்க வந்தோர்க்குக் கற்பித்தார். அவற்றிலிருந்து உருவாக்கும் செல்களுக்குக் காப்புரிமை கோரவேண்டாம் என்பதே பெறுவோரிடம் அவர் விடுத்த வேண்டுகோள்.

எல்லோரும் அவ்வேண்டுகோளைப் போற்றவில்லை. அவரிடமிருந்து பெற்ற செல்களைக் கொண்டு பணியாற்றிய அமெரிக்க ஆய்வாளர் சிலருக்கு, சில எதிர்ப்பொருள்கள் தொடர்பாக 1979ஆம் ஆண்டில் அந்நாட்டில் காப்புரிமை வழங்கப்பட்டது. பிரிட்டனில் பெரும் சலசலப்பு எழுந்தது. நாட்டிற்கு வரவேண்டிய பெருஞ்செல்வம் கவனக்குறைவால் கடல்கடந்து போயிற்றே என்று அரசியலாளர்கள் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. மக்கள் வரிப்பணத்தில் விளைந்த அறிவின் பயன் அம்மக்களுக்கும் வந்துசேர வேண்டும் அன்றோ? எனினும், கதவு திறந்திருந்ததனாலேயே சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் நூற்றுக்கணக்கான ஆய்வகங்கள் அவ்வழியே நுழைந்தன என்பதும் உண்மை. இழப்பையும் ஆக்கத்தையும் ஒருசேர வைத்தே இந்நிகழ்வை எடைபோட வேண்டும்.

இன்டர்ஃபெரானும் எதிர்ப்பொருளும்

திறந்த கதவின் பயனை விளக்க ஒரு சான்று போதும். 1957ஆம் ஆண்டு இலண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மன் என்னும் இருவர் இன்டர்ஃபெரானைக் கண்டறிந்தனர். வைரஸ் தாக்கிய செல், அண்டைச் செல்களுக்கு எச்சரிக்கையாக அனுப்பும் புரதமே அது. ஊருக்குள் வெள்ளம் புகும்போது முதலில் நனைந்த வீட்டார் அடுத்த தெருவினரை எழுப்புவது போன்ற செயல் இது. மருந்தாகப் பயன்படும் என்று பலரும் நம்பினர். ஆனால், மனிதக் குருதியின் வெள்ளணுக்களிலிருந்து பெரும்பாடுபட்டு எடுத்த சாற்றில் இன்டர்ஃபெரானின் பங்கு மிகமிகச் சிறிது. எஞ்சியவை பிற புரதங்கள். கடலில் கரைத்த பெருங்காயம்போல் அது கைக்கு எட்டாமல் இருந்தது.

மில்ஸ்டீனின் ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் செச்சர், டெரெக் பர்க் என்னும் அறிஞரோடு இணைந்து இச்சிக்கலை அணுகினார். தூய்மையற்ற சாற்றையே எலிக்குச் செலுத்தினர். எலியின் உடல் பலவற்றுக்கும் எதிர்ப்பொருள் செய்தது. அதனால் இடர் இல்லை. கலப்புச் செல்களைத் தனித்தனியே பிரித்து, இன்டர்ஃபெரானை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்லைத் தேர்ந்துகொண்டால் போதும். மாசுடைய பொருளிலிருந்து மாசற்ற கருவியைப் பெறும் இவ்வாய்ப்பே இம்முறையின் தனிச்சிறப்பு. அந்த எதிர்ப்பொருளை நுண்மணிகளின்மேல் பதித்து, மணிகளின் ஊடே சாற்றைச் செலுத்தினர். இன்டர்ஃபெரான் மட்டும் மணிகளில் தங்கியது, ஏனையவை வழிந்தோடின. 1980ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வு, ஒரே படியில் இன்டர்ஃபெரானின் தூய்மையைப் பல்லாயிரம் மடங்கு உயர்த்த முடியும் என்பதைக் காட்டியது.

எச்சரிக்கையைப் பெற்ற செல் வாளா இருப்பதில்லை. இன்டர்ஃபெரானின் தூண்டுதலால் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்தெழுந்து, வைரஸைத் தடுக்கும் புரதங்களைச் செய்கின்றன. அவற்றுள் ஒன்று எம்எக்ஸ்-ஏ என்னும் மனிதப் புரதம். இன்ஃபுளுவென்சா வைரஸ் செல்லுக்குள் பெருகுவதை அது தடுக்கிறது. லிண்டன்மன் 1960களில், இன்ஃபுளுவென்சாவால் எளிதில் மடியாத ஓர் எலியினத்தைக் கண்டறிந்தார். அதைப் பின்தொடர்ந்து சென்ற ஆய்வுகளே இப்புரதக் குடும்பத்தை வெளிப்படுத்தின.

கண்ணுக்குப் புலப்படாத அப்புரதம் ஒரு செல்லில் இருக்கிறதா, இல்லையா என்பதை எவ்வாறு அறிவது? அதைமட்டும் பற்றும் எதிர்ப்பொருளைச் செல்களின்மீது இடுவர். பற்றாதவற்றைக் கழுவி நீக்குவர். பின்னர், ஒளிரும் சாயம் இணைத்த மற்றோர் எதிர்ப்பொருளால் முதலாவதை அடையாளம் காண்பர். நுண்ணோக்கியில் செல் ஒளிர்ந்தால் புரதம் உண்டு. இன்டர்ஃபெரானின் அழைப்பு அச்செல்லை எட்டியிருக்கிறது. ஆயினும், இங்கும் விழிப்பு வேண்டும். எம்எக்ஸ்-ஏ புரதத்திற்கு எம்எக்ஸ்-பி என்னும் உடன்பிறப்பு உண்டு. இரண்டின் அமைப்பும் பெரிதும் ஒத்தவை. இரண்டையும் வேறுபடுத்தி அறியாத எதிர்ப்பொருள் ஆய்வாளரைத் தவறான முடிவிற்கு இட்டுச்செல்லும். ஆதலால், அப்புரதம் அறவே இல்லாத செல்லில் ஒளிர்வு தோன்றாமையை முதலில் உறுதிசெய்துகொள்வர். ஒன்றை அறிவது மட்டுமன்று, மற்றவற்றை அறியாதிருப்பதும் நல்ல எதிர்ப்பொருளின் இலக்கணம்.

> தெரிந்து தெளிவோம்
> இன்டர்ஃபெரான் என்னும் பெயர், குறுக்கிடுதல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்து உருவாக்கப்பட்டது. வைரஸின் பெருக்கத்தில் குறுக்கிட்டுத் தடுப்பதால் அப்பெயர் பெற்றது. வைரஸ் தொற்றின்போது குருதியில் எம்எக்ஸ்-ஏ புரதத்தின் அளவு உயர்கிறது. எனவே, காய்ச்சலுக்குக் காரணம் வைரஸா, பாக்டீரியாவா எனப் பிரித்தறிய இப்புரதத்தை அளவிடும் சோதனைகள் உருவாக்கப்பட்டுள்ளன. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தைத் தேவையின்றி உண்பதை இவை குறைக்க உதவும்.

பரிசும் பணியும்

1984ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு மில்ஸ்டீன், கோலர், நோயெதிர்ப்பியல் அறிஞர் நீல்ஸ் யெர்னே ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. மருந்துத்துறையும் விரைந்து வளர்ந்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்க மறுப்பதைத் தடுக்கும் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் 1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. எனினும், எலியின் எதிர்ப்பொருளை மனித உடல் அயற்பொருளாகக் கருதி எதிர்த்தது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கிரெகரி விண்டர், பற்றும் பகுதியை மட்டும் எலியிடமிருந்து எடுத்துக்கொண்டு, எஞ்சிய பகுதியை மனித எதிர்ப்பொருளாக மாற்றும் வழியைக் கண்டார். புற்றுநோய்க்கும் மூட்டுவாத நோய்க்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் பெருகின. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் மூக்கிலிருந்து எடுத்த நீர்மத்தைச் சிறு பட்டையில் இட்டுச் சில நிமிடங்களில் முடிவு அறிந்தோமே, அப்பட்டையில் வைரஸைப் பற்றி நிறுத்தியவையும் எதிர்ப்பொருள்களே.

கருவி உலகை வலம்வந்த அந்நாள்களில், மில்ஸ்டீன் தம் பழைய வினாவையே பற்றி நின்றார். ஒருமுறை நோயை எதிர்த்த உடல், அடுத்தமுறை இன்னும் இறுகப் பற்றும் எதிர்ப்பொருளை எவ்வாறு செய்கிறது? ‘பி’ செல்களின் மரபணுவில் நிகழும் சிறுசிறு மாற்றங்களே சாவியை மேன்மேலும் கூர்மையாக்குகின்றன என்பதை அவருடைய பிற்கால ஆய்வுகள் தெளிவாக்கின. இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த இளம் ஆய்வாளர்களுக்கு அவருடைய ஆய்வகம் தாய்வீடுபோல் விளங்கியது. தம்மை வெளியேறச் செய்த சூழலின்மீது அவர் கொண்ட வருத்தம் தாய்நாட்டு இளைஞர்மீது வெறுப்பாக மாறவில்லை. விருந்தினருக்குத் தாமே சமைத்து மகிழ்வதும், மலைவழிகளில் நெடுந்தொலைவு நடப்பதும் அவருக்குப் பிடித்தமானவை.

கோலர் 48 வயதிலேயே 1995ஆம் ஆண்டு மறைந்தார். நெடுங்காலம் இதயநோயோடு வாழ்ந்த மில்ஸ்டீன், 2002ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் கேம்பிரிட்ஜில் தம் 74ஆம் வயதில் காலமானார். ஆய்வின்மீது அவர் கொண்ட ஈடுபாடு இறுதிவரை குன்றவில்லை.

நிறைவாக

மில்ஸ்டீனின் வாழ்வில் இருமுறை கதவுகள் குறுக்கிட்டன. தாய்நாட்டில், உடன் உழைத்தோர்க்கு அடைக்கப்பட்ட கதவின் உள்ளே தாம் மட்டும் இருக்க அவர் உடன்படவில்லை. கேம்பிரிட்ஜில், தாம் கண்ட அறிவின் கதவைப் பிறர்க்கு அடைக்கவும் அவர் உடன்படவில்லை. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. அறிவு தனியொருவர் உழைப்பால் மட்டும் விளைவதன்று. முன்னோர் தந்ததைப் பெற்று, பின்னோர்க்குத் தருவதே அதன் இயல்பு. பாட்டர் கொடுத்ததால் மில்ஸ்டீன் பெற்றார். மில்ஸ்டீன் கொடுத்ததால் உலகம் பெற்றது.

கண்டுபிடித்தவருக்கு உரிமை எவ்வளவு, உலகிற்கு உரிமை எவ்வளவு என்னும் வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. எதிர்ப்பொருள் மருந்துகள் பல, ஏழை நோயாளிகளால் வாங்க இயலாத விலையில் விற்கப்படும் காலம் இது. அவ்வினாவிற்கு விடைகாணும் பொறுப்பு நாளைய அறிவியலாளர்களாகவும் சட்ட வல்லுநர்களாகவும் ஆட்சியாளர்களாகவும் வளரவிருக்கும் உங்களுடையது. அடுத்தமுறை இரத்தவகைச் சோதனையில் நீலத்துளியைக் காணும்போது, அது யாரிடமும் அனுமதி கேளாமல் உங்கள் குருதியை அறிந்துசொல்வதை எண்ணிப் பாருங்கள். சாவியைப் பொதுவில் வைத்த ஒருவரின் நினைவு அத்துளியில் கலந்திருக்கிறது.